ஒதுங்குமிடம்

நாற்பத்தொரு வாரம், மூன்று நாள்.
எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகி
இனி உன் முறை என்பதுபோல் பார்க்கிறாள்
ஸ்டெயின்வோர்.

எங்கள் மொழியில்
மருத்துவச்சியை ஒளித்தாய் என்போம்.
ஒளித்தாயின் மேசையில் நேற்றைய காபிக் கோப்பை,
ஒற்றைக் கையுறை, ஓர் அட்டவணை.

"வெள்ளிக்கிழமை மருந்து வைத்து
வலியை வரவைக்கலாம்.
இல்லை, திங்கள்வரை பார்க்கலாம்.
இரண்டும் தவறில்லை."

இரண்டும் தவறில்லை.
இதைவிடக் கொடுமையான வாக்கியத்தை
இந்த அறையில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

காத்திருந்தால்?
ஆயிரத்தில் ஒன்றாக இருப்பது
இரண்டுபோல் ஆகலாம்.
சின்ன எண்தான், என்றாள்.
வரவைத்தால்?
நீளலாம். வலி நெருக்கி நெருக்கி வரலாம்.
வயிற்றில் பட்டை, கையில் ஊசி,
பலருக்கு அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆயிரம் எனக்குப் பழகிய எண்.
எங்கள் ஆடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு,
எதிர்க்கரையில் குத்யோனுக்கு நானூறு,
மீதி அந்தச் சண்டைக்காரச் சகோதரர்களிடம்.
போன செப்டம்பர் மலையிலிருந்து இறக்கி எண்ணியபோது
ஒன்று குறைந்தது.
சின்ன எண் என்று யாரும் சொல்லவில்லை.
இரண்டு நாள் தேடினோம்,
மூன்று பண்ணை ஆட்களும், நாய்களும்.
பாறைப் பிளவில் நின்றிருந்தது,
எங்கள்மேல் கோபமாக.

ஆனால் சினையாட்டுக்கு நான் நாள் குறித்ததில்லை.
வாலடியில் தளர்வதைப் பார்ப்பேன்,
கூட்டத்தை விட்டு மூலைக்குப் போவதைப் பார்ப்பேன்,
காத்திருப்பேன்.
ஒருமுறை பொறுக்காமல் கையை விட்டேன்.
ஒருமுறை பொறுத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.
இரண்டு குட்டிகளும் ஒரே சாக்கில் போயின.
எதை எதற்குச் சாட்சி சொல்ல அழைப்பது?

அக்கா போனில் சிரிக்கிறாள்:
இரண்டை வரவைத்தேன், மூன்றாவது தானாக வந்தது,
மூன்றும் இப்போது ஒரே குரலில் கத்துகின்றன.

தோர்லாக்கூர், உன் உடம்பு, நீ சொல் என்கிறான்.
நல்லவன்.
அதனால் உதவியில்லை.

மலையில் பனி இளகி
ஓடைகள் இரவெல்லாம் பேசுகின்றன.
பனிக்குடம் மட்டும் உடைவேனா என்கிறது.
ராஸ்பெர்ரி இலைக் கஷாயம் குடித்தாயிற்று,
கொட்டகை ஏணியை ஏறி இறங்கியாயிற்று.
இன்னும் பத்து நாளில் ஆடுகளும் ஈனத் தொடங்கும்.
வீட்டில் யாருக்குத்தான் அவசரமில்லை,
இவளுக்கோ இவனுக்கோ தவிர.

வீடு திரும்ப ஒரு சுரங்கச் சாலை.
உள்ளே போகப் போக ஒற்றைத் தடம்.
எதிரே வண்டி வந்தால்
சுவரில் குடைந்த குழிவில் ஒதுங்கி நிற்கவேண்டும்,
அதுதான் இங்கே சட்டம், மரியாதையும்.

தூரத்தில் ஒரு விளக்கு.
ஒதுங்கினோம்.
இருட்டில் விளக்கின் தூரத்தை யாராலும் சொல்ல முடியாது.
வந்துவிட்டது என்று நினைப்போம்,
வராது.
நின்றுவிட்டதோ என்று பயப்படுவோம்,
நகர்ந்திருக்கும்.
பாறையில் நீர் சொட்டியது.
விலாவுக்கடியில் ஒரு விக்கல்,
பிறகு இன்னொன்று, அளந்து வைத்ததுபோல்.
பதினேழுவரை எண்ணினேன்.

"வெள்ளிக்கிழமை" என்றேன்.
தோர்லாக்கூர் திரும்பிப் பார்த்தான்.
"அதுவரை நான் ஒதுங்கி நிற்கிறேன்.
வருவதென்றால் தாராளமாக வரட்டும்.
வராவிட்டால் வண்டியை எடுக்க வேண்டியதுதான்."

யாரிடம் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.

விளக்கு பெரிதாகி, இரண்டாகி,
ரொட்டி வண்டியாகிக் கடந்தது.
ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து
ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிப் போனான்.
நாங்களும் தூக்கினோம்.